நான்காவது வால்வு

டிரம்பெட், யூபோனியம், டியூபா போன்ற பித்தளை வாத்தியங்களில் வால்வுக்கு ஒரே வேலைதான்: குழலோடு இன்னொரு துண்டுக் குழலைச் சேர்த்துவிடுவது. விரலால் பிஸ்டனை அழுத்தினால், நேராகப் போய்க்கொண்டிருந்த காற்று பக்கத்திலுள்ள வளைகுழலுக்குள் புகுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பாதைக்கு வரும். குழல் நீளும், சுருதி இறங்கும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைத் தூக்கிவிட, குழல் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். பெரும்பாலான வாத்தியங்களில் இப்படி மூன்று வால்வுகள் இருக்கின்றன. சிலவற்றில் நான்கு, ஐந்து, ஆறு என்று கூடுகின்றன.

மூன்று போதுமா, நான்காவது தேவையா என்பதைத் தீர்மானிப்பது சீரிசைத் தொடர். நாகஸ்வரத்திலும் புல்லாங்குழலிலும் உள்ளது போல விரல் துளைகள் இந்த வாத்தியங்களில் கிடையாது. ஒரே நீளமுள்ள குழலில், உதட்டின் இறுக்கத்தையும் காற்றின் வேகத்தையும் மாற்றி, இயற்கை அனுமதிக்கும் சில சுரங்களை மட்டுமே எழுப்ப முடியும். அவைதான் சீரிசைகள். குழலின் ஆகக் கீழான சுரத்தை ச என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது சீரிசை ஒரு ஸ்தாயி மேலேயுள்ள ச, மூன்றாவது அதற்கு மேலுள்ள ப, நான்காவது அடுத்த ஸ்தாயி ச, ஐந்தாவது அந்தர க, ஆறாவது மறுபடி ப. மேலே போகப் போகச் சுரங்கள் நெருங்கி நிற்கும். கீழே போகப் போக இடைவெளி அகலும்.

ஒரு ஸ்தாயியில் 12 ஸ்வர ஸ்தானங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரத்தை ஒரு படி என்று கொண்டால், நான்காவது சீரிசைக்கும் ஐந்தாவதுக்கும் இடையே 4 படி, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 5 படி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 7 படி. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே முழு ஸ்தாயி, அதாவது 12 படி. வால்வுகளின் கடமை இந்தப் பள்ளங்களை நிரப்புவது. 7 படிப் பள்ளத்தை நிரப்ப, மேலுள்ள சுரத்திலிருந்து ஒன்று முதல் ஆறு படி வரை இறங்கத் தெரிந்தால் போதும்.

வால்வு பிறந்தபோது அதுகூட இலக்காக இருக்கவில்லை. ஹைன்ரிஹ் ஷ்டோல்ட்ஸெல், ஃப்ரீட்ரிஹ் ப்ளூமெல் என்ற இரு ஜெர்மானிய இசைக்கலைஞர்கள் 1818-இல் பிரஷ்யாவில் கூட்டாகக் காப்புரிமை பெற்றார்கள். அக்காலத்து வாத்தியங்களில் இரண்டே வால்வுகள்: ஒன்று இரண்டு படி இறக்கும், மற்றது ஒரு படி இறக்கும், சேர்ந்தால் மூன்று. மேல் ஸ்தாயிகளில் வாசிக்க அது ஏறக்குறையப் போதுமானது. சீக்கிரமே மூன்று படி இறக்கும் மூன்றாவது வால்வு வந்து சேர்ந்தது. இரண்டு, ஒன்று, மூன்று என்ற அந்த வரிசை இன்றுவரை மாறவில்லை. மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆறு படி. பள்ளம் கேட்டதும் ஆறுதான். மூன்று வால்வு உலகெங்கும் நிலைத்துப்போனதற்குக் காரணம் வழக்கமோ அழகோ அல்ல, இந்தக் கச்சிதம்தான்.

ஆனால் அடிப் பள்ளம் திறந்தே கிடக்கிறது. இரண்டாவது சீரிசையான ச-விலிருந்து மூன்று வால்வுகளால் காகலி நி, கைசிகி நி, இரண்டு த, ப, பிரதி ம என்று ஆறு படி இறங்கலாம். அதற்குக் கீழே சுத்த ம, இரண்டு க, இரண்டு ரி ஆகிய ஐந்து சுரங்கள் கிடையாது. பிறகு திடீரென்று அடி ச கேட்கும். டிரம்பெட் வாசிப்பவருக்கு இது பெரிய குறையல்ல, அந்த ஆழத்தில் அவருக்கு வேலை குறைவு. யூபோனியத்துக்கும் டியூபாவுக்கும் அங்கேதான் குடித்தனம்.

இந்த ஐந்தும் வேண்டுமென்றால் மொத்தம் 11 படி இறங்கத் தெரிய வேண்டும். ஐந்து படி இறக்கும் நான்காவது வால்வு ஒன்றைச் சேர்த்தால், இரண்டும் ஒன்றும் மூன்றும் ஐந்தும் கூடி 11. ஒன்றிலிருந்து பதினொன்று வரை எந்த எண்ணையும் இந்த நான்கில் சிலவற்றைக் கூட்டிப் பெற்றுவிடலாம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட அழகான தீர்வு இல்லை. குழலில் பார்த்தால் 11 வருவதில்லை.

காரணம், சுருதி இறங்குவது கூட்டலால் அல்ல, பெருக்கலால். ஒரு படி இறங்க வேண்டுமானால் குழலின் நீளம் அப்போது எவ்வளவு இருக்கிறதோ அதில் சுமார் 5.95 விழுக்காடு கூட வேண்டும். இரண்டு படிக்கு 12.25 விழுக்காடு, மூன்றுக்கு 18.92, ஐந்துக்கு 33.48. இந்த எண்களை உற்றுப் பார்த்தால் வட்டிக்கு வட்டி தெரியும்: ஒரு படியின் இரு மடங்கு 11.9 தான், இரண்டு படிக்கோ 12.25 வேண்டும். சுருதி கேட்பது கூட்டு வட்டி, வால்வுகள் கொடுப்பது தனி வட்டி. ஒவ்வொரு வால்வின் துண்டுக் குழலும் வெறும் குழலின் நீளத்தை வைத்து வெட்டப்பட்டது. வேறொரு வால்வு ஏற்கெனவே குழலை நீட்டிவிட்டது என்பது அதற்குத் தெரியாது.

போலீஸ் பேண்டிலும் கல்யாண பேண்டு செட்டிலும் காணப்படும் யூபோனியத்தை எடுத்துக்கொள்ளலாம். பி-பிளாட் சுருதியிலுள்ள அதன் குழலைப் பிரித்து நீட்டினால் ஏறத்தாழ 275 செ.மீ. இருக்கும். முதல் வால்வின் துண்டு சுமார் 33.7 செ.மீ., இரண்டாவதன் துண்டு 16.4, மூன்றாவதன் துண்டு 52. ஐந்து படி இறங்க முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தினால் கிடைப்பது 85.7 செ.மீ. வேண்டியதோ 92.1. ஆறரை செ.மீ. அளவுக்குக் குழல் குட்டை. அதனால் சுரம் 30 சென்ட் மேலே நிற்கும். ஒரு படியை நூறாகப் பகுத்தால் அதில் ஒரு பங்குதான் சென்ட். மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிலைமை இன்னும் மோசம்: 113.9 செ.மீ. தேவைப்படும் இடத்தில் 102.1 தான் இருக்கிறது. பிசகு 54 சென்ட், பாதிப் படிக்கும் மேல். பயிற்சியில்லாத காதுக்கும் இது அபஸ்வரம்.

வாத்தியம் செய்பவர்கள் இதைச் சும்மா விட்டுவிடவில்லை. மூன்றாவது வால்வைத் தனியாக அழுத்துவது அபூர்வம், அதே மூன்று படியை முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்து கொடுத்துவிடும். ஆகவே மூன்றாவதன் துண்டை வேண்டுமென்றே சற்று நீட்டி வைக்கிறார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் சேரும்போது சரியாக நாலு படி வருமாறு நீட்டினால், முன் சொன்ன 30 சென்ட் பிசகு 15 ஆகவும், 54 சென்ட் பிசகு 39 ஆகவும் குறையும். டிரம்பெட்டில் மிச்சத்தை விரல் சரிசெய்கிறது. மூன்றாவது வால்வின் ஸ்லைடில் ஒரு வளையம் இருக்கும், இடது கை விரலை அதில் நுழைத்து, தேவையான நேரத்தில் ஸ்லைடை ஒன்றிரண்டு செ.மீ. வெளியே தள்ளிக்கொள்ளலாம். குழல் நீளமாக உள்ள யூபோனியத்தில் தள்ள வேண்டிய தூரமும் அதிகம். டியூபாவில் அதைவிட அதிகம். வேகமான பகுதிகளில் கை அவ்வளவு தூரம் போய்வர நேரமிருக்காது.

இங்கேதான் நான்காவது வால்வு தன் முதல் பயனைக் காட்டுகிறது. அந்தப் பயன் புதிய சுரமல்ல, பழைய சுரத்தின் சுத்தம். ஐந்து படி இறங்க முதலாவது, மூன்றாவது சேர்க்கை இனி வேண்டாம். 92.1 செ.மீ. உள்ள நான்காவதன் துண்டே அந்தச் சுரத்துக்கென்று வெட்டப்பட்டது, பிசகு பூஜ்யம். ஆறு படிக்கு மூன்றையும் அழுத்துவதற்குப் பதில் இரண்டாவதும் நான்காவதும். 108.5 செ.மீ. கிடைக்கும், பிசகு 54-இலிருந்து 25 சென்டாகக் குறையும். உதட்டை லேசாகத் தளர்த்தியே அதைச் சமாளித்துவிடலாம். நான்கு வால்வு வாத்தியம் வாங்குபவர்களில் பலர் ஆழ்ந்த சுரங்களுக்காகத்தான் வாங்குவதாக நினைப்பார்கள். அன்றாடம் பயன்படுவது என்னவோ இந்த இரண்டு விரல் வைப்புகள்தான்.

புதிய சுரங்களின் கதை வேறு. நான்காவதை அழுத்தியவுடன் பி-பிளாட் வாத்தியம் ஏறத்தாழ எஃப் வாத்தியமாகிவிடுகிறது. குழலின் நீளம் இப்போது 367 செ.மீ. இந்த நீளத்தில் ஒரு படி இறங்க 16.4 செ.மீ. போதாது, 21.8 வேண்டும். மற்ற வால்வுகளின் துண்டுகள் பழைய நீளத்திலேயே இருப்பதால், நான்காவதோடு சேரும் ஒவ்வொரு சேர்க்கையிலும் பாக்கி விழுகிறது. ஏழு படி இறங்க வேண்டிய முதலாவதும் நான்காவதும் 48 சென்ட் மேலே நிற்கும். நான்கையும் அழுத்தினால் 194 செ.மீ. சேரும். பதினோரு படிக்கு 244 வேண்டும். அரை மீட்டர் பற்றாக்குறை! உண்மையில் இறங்குவது சுமார் 9.25 படி. வாசிப்பவர் தந்திரமாக, கணக்கில் ஒரு படி கூடுதலான விரல் வைப்பைப் பயன்படுத்தி, சுத்த ம-வையும் க-க்களையும் எப்படியோ கொண்டுவந்துவிடுவார். சதுஸ்ருதி ரி-க்கு ஸ்லைடுகளை நீட்டி வைக்க வேண்டும். அடி ச-வுக்கு ஒரு படி மேலேயுள்ள சுத்த ரி மட்டும் எந்தத் தந்திரத்துக்கும் மசியாது.

இந்தப் பாக்கியைத் தீர்க்க இரண்டு வழிகள் வளர்ந்தன. முதல் வழி, வால்வுகளுக்கே கூட்டு வட்டி கற்றுக்கொடுப்பது. லண்டனில் பூஸி நிறுவனத்தில் பணியாற்றிய ஒலியியல் நிபுணர் டேவிட் ஜேம்ஸ் பிளெய்க்லி 1870-களில் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். முதலில் மூன்று வால்வு வாத்தியங்களுக்காகச் செய்யப்பட்ட அது, பின்னர் நான்கு வால்வு யூபோனியத்திலும் டியூபாவிலும்தான் நிலைபெற்றது. அதில் நான்காவதை அழுத்தியதும் காற்று அதன் நீண்ட துண்டைச் சுற்றி நேராக வாத்தியத்தின் வாயை நோக்கிப் போகாது. மறுபடியும் முதல் மூன்று வால்வுகளுக்குள்ளேயே திரும்பி நுழையும். அந்த வால்வுகள் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒரு குட்டி வளைகுழல் காத்திருக்கும். நான்காவதோடு சேர்ந்து முதலாவதும் அழுந்தியிருந்தால் அதன் குட்டிக் குழலும் பாதையில் சேரும். முதலாவது அழுந்தாவிட்டால் சேராது. யார் யார் அழுந்தியிருக்கிறார்கள் என்று வாத்தியமே பார்த்துப் பாக்கியைக் கட்டிவிடுகிறது. வாசிப்பவர் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

குட்டிக் குழல்களின் நீளம் கணக்கிலிருந்தே வரும். நான்காவது குழலை 33.48 விழுக்காடு நீட்டியிருப்பதால், ஒவ்வொரு துண்டுக்கும் அதன் நீளத்தில் அதே 33.48 விழுக்காடு கூடுதலாக வேண்டும்: இரண்டாவதுக்கு 5.5 செ.மீ., முதலாவதுக்கு 11.3, மூன்றாவதுக்கு 17.4. இவை எல்லாம் சேர்ந்தும் சுத்த ரி-க்குக் கொஞ்சம் பாக்கி நிற்கும். நான்காவதோடு ஏற்பட்ட வட்டிதான் தீர்ந்தது, முதல் மூன்றும் தங்களுக்குள் வைத்திருந்த பழைய 54 சென்ட் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது சுரம் இருக்கிறது, பிசகோடு இருக்கிறது. உதட்டாலும் ஸ்லைடாலும் அதை வசப்படுத்த முடியும். இல்லாத சுரத்தை வசப்படுத்த முடியாது.

இதற்குக் கொடுக்கும் விலை காற்றில் தெரியும். பிஸ்டன்களில் துளைகளின் எண்ணிக்கை கூடுகிறது. வாத்தியத்தின் எடை கூடுகிறது. நான்காவதை அழுத்தியபின் காற்று வால்வுத் தொகுதியை இரண்டு முறை கடக்க வேண்டியிருப்பதால் கூர்மையான வளைவுகள் பெருகி, ஊதும்போது ஒரு முட்டல் உணரப்படும். ஆழ்ந்த சுரங்களில் நாதம் சற்று அடைத்தாற்போல் வருவதாகக் கலைஞர்கள் சொல்வது கற்பனையல்ல. யூபோனியம் கூம்பு வடிவக் குழல். வால்வுத் துண்டுகளோ எல்லாம் ஒரே அகலமுள்ள உருளைகள். அவற்றைச் சேர்க்கச் சேர்க்க வாத்தியத்தின் கூம்புத்தன்மை குறைந்து, சீரிசைகள் ஒன்றுக்கொன்று நிற்கும் உறவும் சற்றே நகர்கிறது. நீளத்தை மட்டும் பார்க்கும் கணக்கு இதைச் சொல்லாது. கடைசி அளவைக் காதுதான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி எளிமையானது: ஐந்தாவது வால்வு. டியூபா பிறந்ததே ஐந்து வால்வுகளோடுதான். பெர்லினில் ராணுவ இசைக்குழுக்களை நடத்திய வில்ஹெல்ம் வீப்ரெஹ்ட்டும், வாத்தியம் செய்யும் யோஹான் காட்ஃப்ரீட் மோரிட்ஸும் 1835-இல் எஃப் சுருதியில் செய்து காப்புரிமை பெற்ற பாஸ் டியூபாவில் ஐந்து வால்வுகள் இருந்தன. இன்று அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் பரவலாக உள்ள சி டியூபாவிலும் ஐந்து. இந்த ஐந்தாவது பெரும்பாலும் வலது கைக் கட்டைவிரலால் இயங்குகிறது. அதன் துண்டு ஒரு விசித்திர நீளம்: குழலில் 16.35 விழுக்காடு. தனியாக அழுத்தினால் இரண்டரைப் படியை ஒட்டி எங்கோ இறங்கும், எந்தச் சுரத்திலும் நிற்காது. ஆனால் நான்காவது அழுந்தியிருக்கும்போது அதுவே துல்லியமான இரண்டு படி. நீட்டப்பட்ட குழலுக்கான முதல் வால்வு என்று அதைச் சொல்லலாம். நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் ஏழு படி பிசகின்றி வரும். ஐந்தையும் அழுத்தினால் சுத்த ரி வெறும் 17 சென்ட் பிசகோடு கிடைக்கும். பிளெய்க்லியின் ஏற்பாட்டைவிடச் சுத்தம், காற்றும் தடையின்றிப் போகும். பதிலுக்கு விரல் வைப்புகளை வாசிப்பவர்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் முதல் வழியையும் ஆர்க்கெஸ்ட்ரா டியூபாக்காரர்கள் பெரும்பாலும் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அடோல்ஃப் சாக்ஸ், 1852-இல் ஆறு வால்வு வாத்தியங்களைக் கொண்டுவந்தார். அவற்றில் வால்வுகளைச் சேர்த்து அழுத்தும் பேச்சே இல்லை. ஒவ்வொரு சுரநிலைக்கும் ஒரு தனி வால்வு, ஒரு தனி நீளம். சேர்க்கை இல்லாததால் வட்டியும் இல்லை, பாக்கியும் இல்லை. தர்க்கரீதியாகப் பார்த்தால் மூன்றிலும் இதுவே அப்பழுக்கற்றது. ஆனால் குழல்களின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது, விரல் பழக்கத்தையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. கலைஞர்கள் பெரும்பாலோர் அபஸ்வரத்தை உதட்டால் சரிசெய்வதே மேல் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

வால்வே இல்லாத டிராம்போனும் இதே கணக்கில் மாட்டிக்கொள்கிறது என்பது வேடிக்கை. அதன் ஸ்லைடை இழுத்து இழுத்து ஏழு நிலைகளில் ஆறு படி இறங்கலாம். லைப்ஸிக் நகரத்து கிறிஸ்டியன் ஃப்ரீட்ரிஹ் சாட்லர் 1839-இல் அதில் ஐந்து படி இறக்கும் ஒரு வால்வைப் பொருத்தினார். கட்டைவிரலால் அதை இயக்கியதும் பி-பிளாட் டிராம்போன் எஃப் டிராம்போனாகிறது. உடனே ஒவ்வொரு நிலைக்கும் இழுக்க வேண்டிய தூரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஸ்லைடோ பழைய நீளத்தில்தான் இருக்கிறது. ஏழு நிலைகள் இருந்த இடத்தில் ஆறுதான் அடங்கும், ஆறாவதும் விளிம்பில்தான். விளைவு, இங்கேயும் தப்பிப்போவது அதே சுத்த ரி. ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1943-இல் எழுதிய ‘ஆர்க்கெஸ்ட்ராவுக்கான கான்செர்ட்டோ’வில் பாஸ் டிராம்போன் அந்தச் சுரத்துக்கும் ப-வுக்கும் இடையே வழுக்கிச் செல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒரு வால்வு டிராம்போனில் அது ஆகாத காரியம். இன்றைய பாஸ் டிராம்போன்களில் இரண்டு வால்வுகள் இருப்பது அந்தக் கடைசிச் சுரத்தைப் பிடிக்கத்தான்.

எல்லா நான்காவது வால்வும் ஆழத்துக்காக வந்ததல்ல. பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவர் எட்டாவது சீரிசைக்கு மேலே, சுரங்கள் அடுத்தடுத்து நெருக்கியடித்து நிற்கும் பகுதியில் அதிகம் சஞ்சரிக்கிறார். உதடு கொஞ்சம் தவறினால் பக்கத்துச் சுரம் ஒலித்துவிடும். ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் க்ருஸ்ப பட்டறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த இரட்டை ஹார்னில், கட்டைவிரல் வால்வு எஃப் நீளத்திலிருந்து பி-பிளாட் நீளத்துக்கு மாற்றுகிறது. அதாவது குழல் குறைகிறது. குட்டைக் குழலில் அதே உயரத்தில் சீரிசைகள் சற்று விலகி நிற்பதால் குறி தவறும் அபாயம் குறையும். முதல் மூன்று வால்வுகளுக்கும் இரண்டு நீளங்களுக்கேற்ப இரட்டைத் துண்டுகள் இருக்கும். பிளெய்க்லி சமாளிக்க முயன்ற வட்டிப் பிரச்சினைக்கு இதுவும் ஒரு விடைதான், கொஞ்சம் தாராளமான விடை. வியன்னாவில் மட்டும் பழைய ஒற்றை எஃப் ஹார்னையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அதன் நாதத்துக்காக.

பிக்கலோ டிரம்பெட்டின் நான்காவது வால்வு ஐந்து படிதான் இறக்குகிறது, ஆனால் நோக்கம் வேறு. சாதாரண டிரம்பெட்டில் பாதி நீளமே உள்ள அந்த வாத்தியத்தில் பாக் காலத்து உச்சஸ்தாயி இசையை வாசிக்கும்போது, இடையிடையே வரும் கீழ்ச் சுரங்கள் மூன்று வால்வுக்கு எட்டுவதில்லை. லெபனானைச் சேர்ந்த நசீம் மாலூஃப் டிரம்பெட்டில் சேர்த்த நான்காவது வால்வோ அரைப் படி மட்டுமே இறக்குவது. அரபு மகாம்களில் வரும், பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் சுரங்களுக்காக அது. டிரம்பெட்டில் அதற்குத் தேவையான துண்டு நாலு செ.மீ. சொச்சம்தான். அவருடைய மகன் இப்ராஹிம் மாலூஃப் இன்று அந்த வாத்தியத்தை மேடைதோறும் கொண்டுபோகிறார். அமெரிக்க ஜாஸ் கலைஞர் டான் எல்லிஸும் 1960-களில் இதே வகை வாத்தியம் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார்.

ஏற்கெனவே உள்ள வாத்தியத்தில் புதிதாக ஒரு வால்வைப் பொருத்துவது தேர்ந்த பட்டறைகள் செய்யும் வேலை. பெரும்பாலும் டியூபாவுக்கு ஐந்தாவது வால்வு, டிராம்போனுக்கு எஃப் வால்வு. பிஸ்டனைவிட, கால் சுற்றுத் திரும்பும் சுழல் வால்வே இதற்குத் தோது. குறைந்த இடத்தில் அடங்கும், லீவரை எந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு போகலாம். உடைந்த பழைய வாத்தியத்திலிருந்து கழற்றிய வால்வுகூட உதவும், துளையின் விட்டம் பொருந்த வேண்டும் என்பதே நிபந்தனை. விட்டம் மாறும் இடத்தில் ஒலி அலையின் ஒரு பகுதி திரும்பிவிடும், சில சுரங்கள் மட்டும் காரணமில்லாமல் நிலைகுலையும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வெற்றி இருக்கிறது. குழல் உருளையாக ஓடும் பகுதியில்தான் வெட்டலாம். கூம்பாக விரியும் பகுதியில் வெட்டி நடுவே உருளைத் துண்டை வைத்தால் வாத்தியத்தின் குணமே மாறிவிடும். முதல் வால்வுக்கு முன்னால் கொஞ்ச தூரமும், கடைசி வால்வுக்கும் சுருதி சேர்க்கும் ஸ்லைடுக்கும் இடையே கொஞ்ச தூரமும் பெரும்பாலான வாத்தியங்களில் உருளையாக இருக்கும். அங்கே லீவருக்கும் துண்டுக் குழலுக்கும் இடமிருக்கிறதா, வாத்தியத்தை மடியில் வைக்கும்போது இடிக்குமா என்பதை அட்டையாலோ கம்பியாலோ மாதிரி செய்து பார்ப்பது நல்லது.

வெட்டி எடுக்கும் நீளமும் வால்வு தனக்குள் நேராகக் கொண்டிருக்கும் பாதையின் நீளமும் சமமாக இருக்க வேண்டும். யூபோனியத்தில் ஒரு செ.மீ. கூடுதலாகிப்போனால் வால்வைத் தொடாதபோதே வாத்தியம் முழுக்க ஆறு சென்ட் இறங்கிவிடும். சுருதி ஸ்லைடில் விட்டுப்பிடிக்க இடமிருந்தால் பரவாயில்லை. ஏற்கெனவே இறங்கிய சுருதியில் உள்ள பழைய வாத்தியமென்றால் அந்த ஒரு செ.மீ. திரும்பி வராது.

துண்டுக் குழலை வளைப்பது தனிக் கலை. பித்தளையை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் அது இளகிக் கொடுக்கும். அப்படியே வளைத்தால் உட்புறம் நெளிந்துவிடும் என்பதால் குழலுக்குள் உருக்கிய கீலை ஊற்றி இறுகவிடுவார்கள். சோப்பு நீரை நிரப்பி உறையவைத்து வளைப்பதும் உண்டு. வளைத்த பின் உள்ளே எஃகுக் குண்டுகளைத் தள்ளி நெளிவுகளை நிமிர்த்துவார்கள். பற்றவைப்பதில் கவனம் வேண்டும். வால்வுக் கூட்டுக்கும் அதனுள் சுழலும் உருளைக்கும் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மட்டுமே. வெப்பம் மிஞ்சிக் கூடு கோணினால் உருளை இறுகிக்கொள்ளும், அல்லது காற்று கசியும். அதனால்தான் குறைந்த வெப்பத்தில் உருகும் ஈயப் பற்றை விரும்புகிறார்கள். உருளையை வெளியே எடுத்து வைத்துவிட்டே பற்றவைக்கிறார்கள்.

துண்டின் நீளத்தைக் கணக்குப் போட்டு, அதைவிடச் சற்று நீட்டியே வெட்ட வேண்டும். குழலைக் குறைப்பது நிமிட வேலை, வளர்ப்பது முடியாத வேலை. வால்வை அழுத்தி ஒன்றுக்கு மூன்று சீரிசைகளில் ஊதிப் பார்த்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டு வரலாம். எப்படியும் அந்தத் துண்டில் ஒரு ஸ்லைடு வைத்தே தீர வேண்டும். அறையின் வெப்பம் ஏறினால் வாத்தியம் முழுவதும் சுருதி ஏறும், அப்போது ஒவ்வொரு துண்டையும் திருத்திக்கொள்ள வேண்டிவரும். ஊதும்போது சேரும் ஈரமும் அந்த ஸ்லைடைக் கழற்றினால்தான் வெளியேறும்.

கடைசியில் லீவரும் தடுப்புகளும். உருளை இரு புறமும் சரியாக நிற்குமாறு கார்க்கோ ரப்பரோ கொண்டு தடுப்பு வைக்கிறார்கள். மேல்மூடியைக் கழற்றினால் உருளையின் முனையில் கோடுகள் தெரியும், அவை கூட்டின் கோட்டோடு நேராக வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முன்பின் நின்றால் துளையின் விளிம்பு பாதையில் நீட்டிக்கொண்டு நாதத்தை மங்கவைக்கும். நல்ல வால்வை மோசமாகப் பொருத்தியதாகக் குறை சொல்லப்படும் பல வாத்தியங்களில் பழுது பற்றவைப்பில் இருப்பதில்லை, தேய்ந்துபோன இந்தக் கார்க்கில்தான் இருக்கும். அதை மாற்ற ஒரு கத்தியும் சில நிமிடங்களும் போதும்.